பனிக்குள்ளே கமரா: தெருப் புகைப்படம் பற்றி வாசகர் கேள்விகள்

தெருவில் படம் எடுப்பது பற்றி மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, வேலைக்கு உதவுகிறவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி (ஹட்டன்): ஜப்பானியர் ஒருவரின் படங்களைப் பார்த்தேன். எல்லாம் ஒரே கறுப்பு, கலங்கல், சிலது கோணல். இவரைப் பெரிய கலகக்காரர் என்கிறார்கள். ஆட்டம் கண்ட படத்தில் என்ன கலகம் இருக்கிறது?

பதில்: நீங்கள் பார்த்தது டைடோ மொரியாமாவின் படங்களாக இருக்க வேண்டும். 1938இல் ஒசாகாவை அடுத்த இக்கேடாவில் பிறந்தவர். 1961இல் டோக்கியோவுக்குப் போய், ஏய்கோ ஹொசோயே என்ற புகைப்படக்காரரிடம் மூன்று வருடம் உதவியாளராக இருந்துவிட்டு, 1964இல் தனியே தொழிலில் இறங்கினார். 1968, 69இல் மூன்றே இதழ்களோடு நின்றுபோன 'புரொவோக்' என்ற சிறு சஞ்சிகையில் இரண்டாம் இதழிலிருந்து சேர்ந்துகொண்டார். மாணவர் போராட்டமும் அமெரிக்க இராணுவ ஒப்பந்தத்துக்கு எதிர்ப்பும் ஜப்பானில் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. அன்றைய சஞ்சிகைகள் கேட்டது கூர்மையான, நேரான, விளக்கம் எழுதி ஒட்டக்கூடிய படம். 'புரொவோக்' ஆட்கள் அதைத் தர மறுத்தார்கள். மணல் மணலாகத் தெரியும் படம், கை ஆடிய படம், போகஸ் தப்பிய படம் எல்லாவற்றையும் வேண்டுமென்றே அச்சேற்றினார்கள்.

மொரியாமாவின் பழக்கம் எளிது. சட்டைப் பைக்குள் அடங்கும் சின்னக் கமரா, டோக்கியோவின் ஷின்ஜுக்குப் பகுதிச் சந்துகள், நாள் முழுக்க நடை. பல படங்களுக்குக் கண்ணைக் கமராவில் வைப்பதே இல்லை. 1971இல் வடக்கே மிசாவாவில் எடுத்த தெருநாய்ப் படம்தான் அவருடைய அடையாளமாகிவிட்டது. அவருக்கு முன்னோடி நியூயோர்க்கில் பிறந்த வில்லியம் கிளைன். 1950களின் நடுவில் அந்த நகரத்தை அகலக் கோண லென்ஸோடு கூட்டத்துக்குள் முட்டிமோதி எடுத்தவர், 2022இல் காலமானார்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தக் கலங்கலை இன்று செயலியில் ஒரு பொத்தானை அழுத்தியே வரவழைக்கலாம். அதில் எதிர்ப்பு ஒன்றும் மிச்சமில்லை. மலையகத்தில் எல்லாரும் கேட்கும் 'நேரான' படம் எது? கூடையோடு சிரிக்கும் கொழுந்துக்காரி, தெமோதரை ஒன்பது வளைவுப் பாலத்தில் ரயில், பச்சை மலைக்குப் பின்னால் நீர்வீழ்ச்சி. கலண்டர்க்காரர்களும் சுற்றுலா விளம்பரக்காரர்களும் அதை எடுத்து முடித்துவிட்டார்கள். பத்தாம் திகதி சம்பளம் கைக்கு வந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை ஹட்டன் பஸ் நிலையம் எப்படி இருக்கும்? அடகுக் கடை வாசல், செருப்புக் கடைக்கு வெளியே அளவு பார்க்கும் பிள்ளைகள், கொழும்பு பஸ்ஸில் பையைத் திணிக்கும் பையன்கள். இதை யாரும் எங்களிடம் கேட்கவில்லை. கேட்காததை எடுப்பதுதான் இங்கே கலகம். படம் கூர்மையாக இருந்தாலும் பாதகமில்லை.

கேள்வி (பதுளை): கமராவைக் கண்ணில் வைக்காமல் இடுப்பிலிருந்து எடுத்தால் தலை வெட்டுப்படுகிறது, போகஸும் தப்புகிறது. இதற்கு ஏதாவது கணக்கு உண்டா?

பதில்: உண்டு, நல்ல கணக்கே உண்டு. முழுச் சட்ட உணரி (35 மில்லிமீற்றர் பிலிம் அளவு உணரி) உள்ள கமராவில் 28 மில்லிமீற்றர் லென்ஸைப் போட்டு, ஓட்டோ போகஸை நிறுத்திவிட்டு, தூரத்தை 2 மீற்றரில் வையுங்கள். லென்ஸ் துளையை எஃப் 8இல் வைத்தால் ஏறக்குறைய 1.25 மீற்றரிலிருந்து 5 மீற்றர் வரை நிற்பவர்கள் எல்லாரும் கூர்மையாக விழுவார்கள். கடைத்தெருவுக்கு அது போதும். அதைவிடச் சிறிய ஏ.பி.எஸ்.சி. உணரியும் 18 மில்லிமீற்றர் லென்ஸும் என்றால் எஃப் 5.6 வைத்தாலே கிட்டத்தட்ட அதே பலன். ரிக்கோ ஜி.ஆர். கமராக்களில் இதற்கென்றே 'ஸ்னாப் போகஸ்' உண்டு. தூரத்தை முன்கூட்டியே 2 மீற்றரில் வைத்துவிட்டால், பொத்தானை ஒரேயடியாக அமுக்கும்போது போகஸ் தேடாமல் உடனே சுடும்.

இனித் தலை. 28 மில்லிமீற்றர் லென்ஸைக் கிடையாகப் பிடித்தால் 2 மீற்றர் தூரத்தில் 2.6 மீற்றர் அகலமும் 1.7 மீற்றர் உயரமும் சட்டத்துக்குள் வரும். கமரா தரையிலிருந்து 1 மீற்றர் உயரத்தில், சரிவில்லாமல் இருந்தால், கணுக்கால் தொடங்கி உச்சந்தலைக்குக் கொஞ்சம் மேல் வரை ஒரு ஆள் முழுதாக அடங்கிவிடுவார். சமதரைக்கு இது சரி. பதுளையிலோ ஹட்டனிலோ சமதரைக்கு எங்கே போவது? மேட்டிலிருந்து இறங்கி வருபவரை எடுத்தால் அவர் உங்களுக்கு மேலே நிற்கிறார், தலை போய்விடும். கமராவின் மூக்கைச் சற்று உயர்த்துங்கள். பள்ளத்திலிருந்து ஏறி வருபவர் என்றால் மாறாகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் பாதிப் படம் வெறும் வானம். உங்கள் படங்களில் தலை வெட்டுப்படுவதற்கு முக்கால்வாசி இதுதான் காரணம்.

2 மீற்றரைக் கண்ணால் மதிக்கப் பழக வேண்டும். நீளக் குடை ஒன்று ஏறக்குறைய 90 சென்ரிமீற்றர். இரண்டு குடையும் ஒரு கைப்பிடி அளவும் என்று சுவரிலும் கம்பத்திலும் சொல்லிப் பாருங்கள். நடந்துகொண்டே எடுப்பதானால் ஷட்டர் வேகம் 1/500 விநாடிக்குக் குறையக் கூடாது. நீங்கள் நின்று அவர் நடந்தால் 1/250 போதும்.

கேள்வி (நுவரெலியா): பனி மூட்டத்தில் எடுத்தால் எல்லாமே சாம்பல். டீக்கடைக்குள் போனால் லென்ஸில் நீராவி. என்ன செய்வது?

பதில்: இரண்டும் வெவ்வேறு கோளாறு.

முதலாவது கமராவின் கணக்கு. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கும்படிதான் ஒளிமானி செய்யப்பட்டிருக்கிறது. வெள்ளைப் பனியையும் அது சாம்பலாக்கும். ஒளித் திருத்தத்தை +0.7 முதல் +1.3 வரை ஏற்றினால் பனி வெள்ளையாகும், ஆளும் தெளிவாக நிற்பார். இருட்டுத்தான் வேண்டும் என்றால் திருத்தாமல் விடுங்கள், ஆனால் தெரிந்தே விடுங்கள். கைப்பேசியில் முகத்தின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஒளியும் போகஸும் பூட்டப்படும். பிறகு விரலை மேலே இழுத்து ஒளியைக் கூட்டலாம். பனியில் ஓட்டோ போகஸ் பிடிப்பில்லாமல் முன்னும் பின்னும் அலையும். மேலே சொன்ன 2 மீற்றர் முறைக்கு மாறிவிடுங்கள்.

பகல் பனியில் தொடங்குவதற்கு ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 800, எஃப் 8, 1/500. தார்ப்பாய் கட்டிய மரக்கறிக் கடைக்குள் புகுந்தால் ஐ.எஸ்.ஓ. 3200, எஃப் 8, 1/250. மணல் கூடும், கூடட்டும்.

இரண்டாவது நீராவி. குளிர்ந்த கமராவைக் கேத்தல் கொதிக்கும் கடைக்குள் கொண்டுபோனால் கண்ணாடியிலும் உள்ளேயும் நீர் படியும். வாசலுக்கு வெளியிலேயே கமராவைச் 'சிப்' பூட்டுள்ள பிளாஸ்டிக் பைக்குள் போட்டு மூடுங்கள். நீர் பையின் வெளிப்புறத்தில் படியும். கமரா அறைச் சூட்டுக்கு வர 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதுவரை ஒரு பிளேன்டீ குடிக்கலாம். ஏற்கெனவே படிந்துவிட்டால் சாரத்தாலோ சேலைத் தலைப்பாலோ துடைக்காதீர்கள், தூள் உரசி மேற்பூச்சு கீறும். தானாகக் காய விடுங்கள். நீராவி இருக்கும்போது லென்ஸைக் கழற்றவும் கூடாது.

ஜனவரி, பெப்ரவரி உறைபனிக் காலையில் பெட்டரி சீக்கிரம் இறங்கும். மாற்றுப் பெட்டரியை ஸ்வெட்டருக்கு உள்ளே, உடம்போடு ஒட்டி வையுங்கள். இறங்கியதாகக் காட்டிய பெட்டரியும் சூடேறியதும் சில படங்களுக்கு உயிர் கொடுக்கும்.

மழைக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். மே தொடக்கம் செப்ரெம்பர் வரை தென்மேல் பருவமழை ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தை நனைக்கும்போது பண்டாரவளை, பதுளைப் பக்கம் காய்ந்து காற்றடிக்கும். டிசம்பரில் பதுளைப் பக்கமான ஊவாவுக்கு மழை. 1,891 மீற்றர் உயரத்திலுள்ள பட்டிப்பொல நிலையம் தாண்டிய சுரங்கத்துக்கு இந்தப் பக்கம் பனி, அந்தப் பக்கம் வெயில் என்பது ரயிலில் போகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வேடிக்கை. ஒரு பக்கம் படம் எடுக்க முடியாவிட்டால் மறு பக்கத்துக்கு டிக்கெட் எடுங்கள்.

கேள்வி (தலவாக்கலை): லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி வந்துவிட்டது. அரிசிக்குள் புதைத்து வைக்கலாமா?

பதில்: அது பூஞ்சணம். காற்றின் ஈரப்பதம் 60, 65 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் வளரும். விட்டால் கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும், பிறகு துடைத்தும் பயனில்லை. தொடக்க நிலை என்றால் லென்ஸைத் திறந்து துப்புரவாக்கும் தொழிலாளியிடம் கொடுங்கள். அரிசி வேண்டாம். ஈரத்தை உருப்படியாக உறிஞ்சாது, மாவுத் தூள்தான் உள்ளே போகும்.

இறப்பர் விளிம்பு வைத்து இறுக மூடும் சாப்பாட்டுப் பெட்டி ஒன்று, 200 முதல் 300 கிராம் சிலிக்கா ஜெல், சின்ன ஈரமானி ஒன்று, இவ்வளவுதான். உள்ளே 40 முதல் 50 சதவீதம் இருக்கட்டும். 30க்குக் கீழே போனால் எண்ணெய்ப் பசையும் இறப்பரும் காயும். நீல ஜெல் ரோஸ் நிறமானால் நிறைந்துவிட்டது என்று அர்த்தம். 110 முதல் 120 பாகைச் சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் மறுபடி நீலமாகும். நீல ஜெல்லில் கோபால்ற் உப்பு இருக்கிறது. சமைக்கும் சட்டியில் வறுக்காதீர்கள். கமராவோடு வரும் தோல் உறைதான் மிக மோசம், ஈரத்தைப் பிடித்து வைக்கும். அதை அலுமாரியில் போட்டுவிட்டுக் கமராவைப் பெட்டியில் வையுங்கள்.

பழைய கமரா வாங்கப் போகிறவர்களுக்கும் இதோடு ஒரு சொல். லென்ஸுக்குப் பின்னாலிருந்து டோர்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள், பூஞ்சணம் இழை இழையாகத் தெரியும். எஃப் 16இல் வெறும் பனியைப் படம் எடுத்துப் பெரிதாக்கினால் உணரியில் ஒட்டிய தூசி கரும்புள்ளியாக விழும். இந்தச் சோதனைக்கு எங்கள் ஊரை விட வசதியான இடம் கிடையாது. ரிக்கோ ஜி.ஆர். வகையில் தூசி உள்ளே போவது பரவலான முறைப்பாடு, மழைக்கும் அது காப்பில்லை. பார்த்து வாங்குங்கள். கைப்பேசியே போதும் என்றால் அதுவே போதும். பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மை லென்ஸ் 24, 26 மில்லிமீற்றர் அளவில் இருப்பதால் தெருவுக்குப் பொருத்தம்தான்.

கேள்வி (கண்டி): முகத்துக்கு நேரே பிளாஷ் அடித்து எடுக்கும் புரூஸ் கில்டனைப் போல எடுக்க ஆசை. அமைப்பு என்ன?

பதில்: வலது கையில் கமரா, இடது கையில் வயரோடு தனி பிளாஷ். வழிகாட்டி எண் (பிளாஷின் சக்தியைச் சொல்லும் எண்) 20 உள்ள சின்ன பிளாஷைக் கால்வாசிச் சக்தியில் வையுங்கள், எண் 10 ஆகும். ஐ.எஸ்.ஓ. 400இல் அது இரட்டித்து மீண்டும் 20. அதை எஃப் 16ஆல் வகுத்தால் 1.25 மீற்றர். அந்தத் தூரத்தில் ஒளி சரியாக விழும், பின்னணி இருண்டு போகும். பனியில் பிளாஷைக் கமராவின் மேலேயே மாட்டினால் முன்னால் மிதக்கும் நீர்த்துளிகள் ஒளியைத் திருப்பி அனுப்பி வெள்ளைத் திரை விழும். கையை நன்றாகப் பக்கவாட்டில் நீட்டினால் குறையும்.

1930, 40களில் நியூயோர்க்கில் இரவுக் குற்றங்களைப் படம் பிடித்த வீஜி என்ற ஆர்தர் ஃபெல்லிக்கின் அளவு இன்னும் எளிது: எஃப் 16, 1/200, 10 அடி. இருட்டில் எதையும் தேடவே வேண்டாம்.

அமைப்பைச் சொல்லிவிட்டோம், அபிப்பிராயத்தையும் சொல்கிறோம். 1946இல் புரூக்ளினில் பிறந்த கில்டன் தன் ஊர்க்காரர்களை அப்படி எடுத்தார், அங்கேயே அவரைத் திட்டுகிறவர்கள் ஏராளம். கண்டிச் சந்தையில் அதையே செய்தால் பத்துப் பேரிடமும் ஒரே திடுக்கிட்ட முகம்தான் கிடைக்கும், பதினோராவது ஆள் கையை ஓங்குவார். தெரிந்தவர்களிடம், திருவிழா இரவில், பறை அடிக்கிறவர்களிடம் கேட்டுவிட்டு அடித்துப் பாருங்கள். வளைவில் பஸ் ஓட்டுகிறவருக்கும், குழந்தைக்கும், நுவரெலியாக் குதிரைக்கும் அடிக்கவே கூடாது.

கேள்வி (மஸ்கெலியா): தோட்டத்தில் எடுக்க யாரிடம் கேட்க வேண்டும்? ரோட்டில் எடுக்கும்போது ஆட்கள் சண்டைக்கு வந்தால்?

பதில்: ரோடு பொது. தோட்டம் அப்படியல்ல. 1992 முதல் பெரும்பாலான பெரிய தோட்டங்கள் கம்பனிகளின் கையில் இருக்கின்றன. மலைக்குள், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில், ஸ்டோர் என்கிற தேயிலைத் தொழிற்சாலைக்குள் எடுப்பதானால் தோட்ட நிர்வாகியான துரையிடம் முதலில் கேளுங்கள். கொழுந்து நிறுக்கும் இடம் எல்லாவற்றையும் விடச் சிக்கலானது. நிறுவையில் தகராறு நடக்கும்போது நீங்கள் எடுக்கும் படத்தால் வேலை போகக்கூடியது உங்களுக்கல்ல, அங்கே நிற்கும் அம்மாவுக்கு. அவர் முகம் தெரியாமல் தராசையும் கையையும் எடுத்தாலே விஷயம் விளங்கும். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் கேட்காமல் கமராவைத் தூக்காதீர்கள். அது தெரு போலத் தெரிந்தாலும் அவர்களின் முற்றம்.

பொலிஸ் சோதனைச் சாவடி, இராணுவ முகாம், நீர்த்தேக்க அணைக்கட்டு இவற்றின் பக்கம் கமராவைத் திருப்ப வேண்டாம். காவலும் அறிவிப்புப் பலகையும் இருக்கும் இடங்களில் வாதாடி வெல்ல முடியாது. விகாரையில் புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று எடுப்பது பெரும் அவமதிப்பு. பள்ளிக்கூட வாசலில் தனியாக நிற்கும் பிள்ளைகளைப் பெற்றோர் இல்லாமல் எடுக்காதீர்கள்.

கேட்டுவிட்டு எடுத்தால் இயல்பு போய்விடும் என்பது பாதி உண்மை. முதல் படத்தில் விறைப்பார்கள், மூன்றாவதில் மறந்துவிடுவார்கள். "அக்கா, ஒரு படம் எடுத்துக்கவா?" என்ற ஒரு வரியே போதும். சிங்களவர் என்றால் "போட்டோ எகக் கன்னத?" கேட்காமல் எடுத்து அவர் கண்டுகொண்டால் கமராவை ஒளிக்காதீர்கள். ஒளிப்பதுதான் கோபத்தைக் கிளப்பும். நின்று, தலையசைத்து, படத்தைக் காட்டுங்கள். அழிக்கச் சொன்னால் அவர் கண்முன்னே அழியுங்கள். ஒரு படம் போனால் போகட்டும், அடுத்த வாரமும் அதே டவுனில்தானே நடக்க வேண்டும்! டோக்கியோவில் கூட்டத்துக்குள் மறைந்துவிடலாம். மஸ்கெலியாவில் நீங்கள் யார் வீட்டுப் பிள்ளை என்று டீக்கடைக்காரருக்குத் தெரியும்.

கேள்வி (பண்டாரவளை): பிலிமில் எடுத்து வீட்டிலேயே கழுவ விரும்புகிறேன். அந்தக் கரடுமுரடான மணல் எப்படி வருகிறது?

பதில்: ஐ.எஸ்.ஓ. 400 பிலிமை 1600 என்று கமராவுக்குப் பொய் சொல்லி, கழுவும்போது நேரத்தைக் கூட்டுவதால் வருகிறது. இல்ஃபோர்ட் எச்.பி. 5 பிளஸ் பிலிமுக்கு, படத்தை வெளிக்கொணரும் ஐ.டி. 11 மருந்தில், தண்ணீர் கலக்காமல், 20 பாகையில், வழக்கமாக ஏழரை நிமிடம். 1600க்கு 14 நிமிடம். ஒவ்வொரு நிமிடத்தின் தொடக்கத்திலும் பத்து விநாடிக்குள் நான்கு தடவை டாங்கியைக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். பிறகு நிறுத்து மருந்து 10 விநாடி. அடுத்து படத்தை நிலைக்க வைக்கும் பிக்ஸர், ஒன்றுக்கு நான்கு தண்ணீர் கலந்தது, 3 முதல் 5 நிமிடம். கடைசியில் அலசும்போது தண்ணீரை மாற்றி மாற்றி 5, 10, 20 தடவை கவிழ்த்தால் போதும், குழாயைத் திறந்துவிட்டு வீணாக்க வேண்டாம். நிழலில் இல்லாத விபரத்தை இந்த முறை கொண்டுவராது. கறுப்பு கறுப்பாகவே போகும், வெள்ளை எகிறும்.

மலையில் இரண்டு இடத்தில் பிழைக்கும். குழாய்த் தண்ணீர் 20 பாகைக்கு நன்றாகக் கீழே இருக்கும். 13 பாகைக்குக் கீழே மருந்திலுள்ள ஹைட்ரோகுவினோன் ஏறக்குறைய உறங்கிவிடும், நேரத்தைக் கூட்டியும் ஈடுகட்ட முடியாது. போத்தல்களை வெந்நீர்ப் பேசினில் வைத்து எல்லாவற்றையும் 20க்குக் கொண்டுவந்த பிறகு தொடங்குங்கள். அடுத்தது காயவைப்பது. ஈரக் காற்றில் பிலிம் வெகுநேரம் பசைப்பிடிப்போடு இருக்கும், அதற்காக அடுப்பங்கரையில் தொங்கவிட்டால் விறகுப் புகையும் கரியும் ஒட்டிக்கொள்ளும். கதவை மூடிய குளியலறையில், யாரும் நடமாடாத இரவில் தொங்கவிடுங்கள்.

கேள்வி (பொகவந்தலாவை): எங்கள் ஊர்த் தேவாலயத்தில் பழைய புகைப்படக்காரி ஒருவரின் கல்லறை இருக்கிறது என்கிறார்களே?

பதில்: உண்மை. புனித மரியாள் தேவாலய வளவில் ஜூலியா மார்கிரட் கமரூனும் கணவரும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர், 1863இல் 48 வயதில் மகள் பரிசளித்த கமராவில் தொடங்கினார். ஈரக் கண்ணாடித் தகட்டில், நிமிடக்கணக்கில் ஒளி காட்டி, போகஸை வேண்டுமென்றே மென்மையாக விட்டார். இலண்டன் புகைப்படச் சங்கத்தார் 'ஒழுங்காக எடுக்கத் தெரியாதவர்' என்ற கணக்கில் விமர்சித்தார்கள், அவர் மாறவில்லை. கோப்பித் தோட்டங்களில் முதலிட்டிருந்த கணவரோடு 1875இல் இலங்கை வந்து, 1879 ஜனவரியில் இறந்தார். இங்கே தொழிலாளரையும் எடுத்திருக்கிறார், கிடைத்தவை மிகச் சில. மொரியாமாவுக்கு நூறு வருடம் முன்பே கலங்கலுக்காகத் திட்டு வாங்கியவர் உங்கள் ஊர் மண்ணில் இருக்கிறார். சிவனொளிபாதமலைப் பருவத்தில் கமராவோடு மலைக்குப் போகிறவர்கள் ஒருநாளை இங்கேயும் ஒதுக்கலாம்.

கேள்வி (ஹப்புத்தளை): நாளைக்கு முந்நூறு படம் சேர்கிறது. எதை வைப்பது, எதை அழிப்பது?

பதில்: அன்றே எதையும் தெரிவு செய்யாதீர்கள். எடுத்த நேரத்துச் சந்தோசம் படத்துக்குள் இருப்பதாகத் தோன்றும். அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கெரி வினோகிராண்ட் பிலிமை நீண்ட காலம் கழுவாமல் கிடப்பில் போட்டதற்கு இதுவும் ஒரு காரணம். 1984இல் அவர் இறந்தபோது ஏறக்குறைய 2,500 ரோல்கள் கழுவாமலே கிடந்தன. அந்த அளவுக்குப் போக வேண்டாம், ஒரு மாதம் போதும். பிறகு மாதத்துக்கு இருபதை 4க்கு 6 அங்குலத்தில் அச்சிட்டுத் தரையில் பரப்புங்கள். திரையில் நன்றாகத் தெரிந்த பாதி அங்கே விழுந்துவிடும். அச்சில் மிஞ்சியவற்றில் ஆள் தெரிகிற படம் இருந்தால் இரண்டாவது பிரதி போட்டு அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (கொட்டகலை): மழையில் குடையையும் கமராவையும் எப்படிப் பிடிப்பது?

பதில்: குடையைத் தோளுக்கும் கழுத்துக்கும் நடுவில் இடுக்குவது சரிவராது, காற்றில் பறக்கும். தொப்பியும் மழைக்கோட்டும் போட்டு, கமராவுக்குப் பிளாஸ்டிக் பையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை வெட்டி, லென்ஸ் விளிம்பில் இறப்பர் பட்டியால் இறுக்குங்கள். வெயில் மறைப்பான் இருந்தால் மாட்டுங்கள், துளி விழாது. மழையில் யாரும் உங்களைப் பார்க்க மாட்டார்கள், அவரவர் குடையைத்தான் பார்ப்பார்கள். நடைபாதை ஓரத்தில் ஒரு கடைச் சாய்ப்பின் கீழ் நின்று, எதிரே வருகிறவர்கள் 2 மீற்றருக்குள் வரும்வரை காத்திருங்கள்.